பிள்ளைத்தாச்சித் தட்டு

உக்காருங்க தங்கச்சி, உக்காருங்க. காலி சீட்டுதான். இருங்க, இந்தப் பையை மடியில வச்சுக்கிடுதேன். கண்டக்டர் சொன்னார்லா, ஆளு வரலைன்னு? ஆமா, வரல. ரெண்டு சீட்டும் நான் எடுத்ததுதான். இந்த உடம்புக்கு ஒரு சீட்டு பத்தாதுன்னு ரெண்டா எடுத்திருக்கான்னு நினைச்சுக்கிடாதீங்க. நினைச்சாலும் தப்பில்ல, கோயம்புத்தூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் ரெண்டுலயும் நான்தான் உக்காந்து வந்தேன். ஆனா ஒண்ணு என் மகளுக்கு எடுத்தது. வளைகாப்பு முடிஞ்ச கையோட அவளைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வந்தேன். எங்க ஆளுக எல்லாம் வேன்ல போயிட்டாக. வேன்ல குலுங்கும், பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதுன்னு நானும் எங்க வீட்டுக்காரகளும் அவளும் மட்டும் பஸ்ஸுக்கு எடுத்தோம். நல்லா யோசிச்சு எடுத்தோம். பிள்ளைத்தாச்சிதான் வரல.

அதிரசம் ஒண்ணு எடுத்துக்கிடுங்களேன். வேண்டாமா? உங்களுக்கும் சர்க்கரையா? இல்லையா, சரி. இந்தா, இது உடைஞ்சு போச்சு, இதை மட்டும் நான் தின்னுக்கிடுதேன். உடைஞ்சதைத் தின்னா அது தின்னதுல சேராது. எனக்குன்னு சில சட்டம் வச்சிருக்கேன் பாத்துக்கிடுங்க. நின்னுக்கிட்டே தின்னா சேராது. உப்புப் பாக்கத் தின்னா சேராது. மத்தவக தட்டுல மிஞ்சினதை வீணாக்கக் கூடாதேன்னு தின்னா அது புண்ணியம். வெள்ளிக்கிழமை விரதம், அன்னைக்குச் சோறு தொட மாட்டேன். இட்லியும் தோசையும் சோறு இல்லையே! இப்படி ஒண்ணுமே திங்காமதான் தங்கச்சி, நான் இந்த உடம்பை வளர்த்து வச்சிருக்கேன்.

சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்புதான்.

நான் பசிக்குத் திங்கிறவ இல்ல. அதை முதல்லயே சொல்லிருதேன். பசின்னா எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு. யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கு வேலை. ஆபீசர் நாலு பேர் முன்னாடி ஃபைலைத் தூக்கிப் போட்டாருன்னா நான் பதில் பேச மாட்டேன். நேரா எதுத்த கடைக்குப் போவேன், மிளகாய் பஜ்ஜி. கோவத்துக்குக் காரம். நாத்தனார் வந்து எதையாவது குத்திப் பேசிட்டுப் போனா அல்வா. வருத்தத்துக்கு இனிப்பு. பயம்னா தயிர்சோறு, குளுகுளுன்னு இறங்கும். எங்க அப்பா இறந்தப்போ எல்லாரும் மார்ல அடிச்சு அழுதாக. நான் அடுக்களைக்குள்ள போனேன், பக்கத்து வீட்டுல இருந்து இட்லி கொண்டாந்து வச்சிருந்தாக, ஆறிப்போய் கல்லு மாதிரி இருந்துச்சு. சட்னி இல்ல, பொடி இல்ல. நின்னுக்கிட்டே தின்னேன். பாத்திரம் காலியான பிறகுதான் வெளிய வந்தேன். என்ன திடமான பொம்பளைன்னு ஊரே மெச்சுச்சு.

என் மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். சங்கரின்னு பேரு. ஒரே பிள்ளை. அவ அழுது ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாக. பெருமைக்குச் சொல்லல. விழுந்தா, முழங்கால்ல ரத்தத்தைத் துடைக்கிறதுக்கு முன்னாடி வாயில ஒரு எள்ளுருண்டை. பள்ளிக்கூடத்துல யாரோ குண்டுப் பூசணின்னு சொல்லிட்டாங்கன்னு உதட்டைப் பிதுக்கிட்டு வந்தா. விடுவேனா? சுடச்சுட பூரி போட்டேன். உதடு பிதுங்கினது அப்படியே நேராயிட்டு. அழுகைச் சத்தமே கேக்காத வீடு எங்க வீடு. அப்படிப்பட்ட அம்மா எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க.

அந்தப் பிள்ளைக்கு இப்ப மாசமா இருக்கும்போது சர்க்கரை வந்துட்டாம். டாக்டரம்மா சொல்லிருக்காக. பிள்ளை பிறந்தா போயிருமாம், ஆனா அதுவரைக்கும் வாயைக் கட்டணுமாம். எங்க சம்பந்தியம்மா இருக்காகளே, மாப்பிள்ளையோட அம்மா, அவுக அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாக. ஒரு மிஷினு வச்சிருக்காக, விரல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பாக்கிற மிஷினு. பிள்ளை தின்னு ரெண்டு மணி நேரம் ஆச்சோ இல்லையோ மிஷினோட வந்து நிப்பாக. கேப்பை ரொட்டி, அளந்து ஒரு கரண்டி சோறு, வெள்ளரிக்கா. ஆட்டுக்கு வைக்கிற மாதிரி தழையும் கொழையும். நான் போன்ல கேப்பேன், என்னட்டி தின்னேன்னு. அவ சொல்லுவா. போனை வச்சுட்டு நான் ரெண்டு பேருக்கும் சேத்து இங்க தின்னுருவேன். அவளுக்கு உடம்பு இளைச்சுட்டாம், எனக்குத்தான் ஏழு மாசம் மாதிரி ஆயிட்டு.

தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே தங்கச்சி? உங்க பக்கமும் அப்படித்தானே? அதைத்தான் நான் நம்பிட்டு இருந்தேன். ஊருக்கு வரட்டும், தேத்திருவோம்னு. மிஷினாவது மண்ணாவது. நெய், உளுந்து, கருப்பட்டி எல்லாம் வாங்கி டின்னு டின்னா அடுக்கி வச்சேன். அவளுக்குன்னு உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, புது மெத்தை போட்டு வச்சேன். ஒரு மாசமா அந்த மெத்தையில யாரையும் உக்கார விடல, நானும் உக்காரல. நான் உக்காந்தா பிறகு அது பழைய மெத்தை ஆயிரும்.

இன்னைக்குக் காலையில வளைகாப்பு. அவுக பக்கம் கட்டுச்சோறுன்னு சொல்லுதாக. ஏழு வகைச் சோறு தாய்வீட்டு ஆளுக கையால கிண்டணும். விடியும்போதே எழுந்து அவுக அடுக்களையில நான் கிண்டினேன். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தக்காளி, தயிர், சர்க்கரைப் பொங்கல். ஏழுலயும் ஒவ்வொரு பிடி எடுத்து வெள்ளித் தட்டுல வச்சு மூடி, ஸ்டோர் ரூம்ல தனியா வச்சாச்சு. அது பிள்ளைத்தாச்சித் தட்டு. அவ வாயில முதல்ல பட்ட பிறகுதான் மத்தவக கை வைக்கணும். அதுல மட்டும் நான் உப்புக்கூடப் பாக்கல. சாமி சத்தியமா. நம்ப முடியலைல்லா? எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

வளையல் போட்டாச்சு. கன்னத்துல சந்தனம் பூசியாச்சு. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், அவ்வளவு அழகா உக்காந்திருந்தா. நான் குனிஞ்சு, ஏட்டி, துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா, மத்தியானம் பஸ்ஸுன்னு கேக்கேன். அவ என்னைப் பாத்தா. மெல்லத்தான் சொன்னா. மெல்லச் சொன்னாலும் அந்த நேரம் பாத்து மேளக்காரன் நிறுத்திட்டான்.

"நான் வரலைம்மா. பிரசவத்துக்கு இங்கேயே இருக்கேன்."

பந்தல் பூரா கேட்டுட்டு. எங்க நாத்தனார் முகத்தைப் பாக்கணுமே! தன் வீட்டுக் கல்யாணத்துல கூட அவ அப்படிச் சிரிச்சதில்ல. பெத்தவகிட்ட பிரசவத்துக்கு வரமாட்டேன்னு ஒரு மக சபையில சொன்னா, அந்தப் பெத்தவ என்ன செய்வா? உங்களா இருந்தா என்ன செய்வீங்க? ஏன்னு கேப்பீங்க. இல்ல, சண்டை போடுவீங்க. இல்ல, அழுவீங்க. நான் என்ன செஞ்சேன்? "சரி சரி, அதனால என்ன, முதல்ல சோத்தைக் கொண்டாரேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் போனேன். திடமான பொம்பளைலா.

ஸ்டோர் ரூமுக்குள்ள போனேன். தட்டைத் தூக்கத்தான் போனேன். மூடியை எடுத்தது, எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கத்தான். ஓரத்துல கொஞ்சம் புளியோதரை சரிஞ்சிருந்துச்சு. சரிஞ்சது உடைஞ்ச மாதிரிதானே, அதை எடுத்து வாயில போட்டேன்.

அதுக்குப் பிறகு நான் இல்ல தங்கச்சி. கை தானா போகுது, வருது. எது எள்ளு, எது எலுமிச்சைன்னு தெரியல. பொங்கலுக்கு மேல தயிரு, தயிருக்கு மேல தக்காளி. மென்னு திங்கக்கூட இல்ல. தொண்டையில அடைக்குது, கண்ணுல தண்ணி வருது, அதையும் சேத்து முழுங்குதேன். வெளிய ஆரத்தி கரைச்சு வச்சுட்டு, சோறு வரட்டும் சோறு வரட்டும்னு பொம்பளைக கூப்பிடுதாக. எனக்குக் காது கேக்கு. இது என் மக தட்டு, பிள்ளைத்தாச்சித் தட்டு, இதைத் தொடக் கூடாதுன்னு தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே அடுத்த பிடி எடுக்கேன். அந்த நேரம் என்னை நானே பாத்திருந்தா காறித் துப்பியிருப்பேன். இப்ப உங்ககிட்ட சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதேன், அப்ப அப்படி இல்ல. நல்லவேளை, அந்த ரூம்ல கண்ணாடி கிடையாது.

வளையல் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா சங்கரி நிக்கா.

நானும் பாத்திருக்கேன், எத்தனையோ பேரு எத்தனையோ விதமாப் பிடிபடுவாக. வாய் நிறையச் சோறு, கை நிறைய மஞ்சளு, பட்டுச்சேலையில தயிரு, இப்படிப் பிடிபட்ட சம்பந்தக்காரி தமிழ்நாட்டுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அவ கத்தல. கதவைச் சாத்தினா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அரிசி மூட்டை மேல உக்காந்தா.

"யம்மா, நீ தின்னு. உன் வாய் நிறைஞ்சிருக்கும்போதுதான் நான் பேச முடியும்"னு சொன்னா. பாருங்க, என்ன மரியாதை!

"நானும் இப்படித்தாம்மா" அப்படின்னா. "காலேஜ்ல ஹாஸ்டல்ல. ரூம்ல யாரும் இல்லைன்னா என் டப்பா, அவங்க டப்பா எல்லாத்தையும் தின்னுருவேன். பாத்ரூம்ல வச்சும் தின்னுருக்கேன். பிறகு ரெண்டு நாளைக்குப் பட்டினி கிடப்பேன். நீ ஊர்ல இருந்து முறுக்கு அனுப்புறப்போ பயமா இருக்கும்மா. ஆசையாவும் இருக்கும், பயமாவும் இருக்கும். இப்ப இந்த ஏழு மாசமாத்தான் நான் தட்டைப் பாத்துத் திங்கேன். உன்மேல கோவம் இல்லம்மா. அங்க வந்தா என்னால அழ முடியாது. நீ அழ விடமாட்ட."

எனக்கு ஒண்ணும் புரியல. அழ விடலைன்னு ஒரு குத்தமா? பெத்த பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பாக்கணுமா?

"பிரசவத்தை நினைச்சா எனக்கு நடுங்குதும்மா. ராத்திரி தூக்கமே வரல. பயமா இருக்குன்னு உன்கிட்ட சொன்னா நீ என்ன செய்வ? தயிர்சோறு பிசைவ."

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சொல்லவே வெக்கமா இருக்கு. அந்தத் தட்டுல மிஞ்சியிருந்த தயிர்சோத்தை ஒரு உருண்டையா உருட்டி அவ வாய்கிட்ட கொண்டு போயிட்டேன். நான் நினைச்சுச் செய்யல தங்கச்சி. அவ நடுங்குதுன்னு சொன்னா, கை தானா போயிட்டு.

அவ அந்த உருண்டையைப் பாத்தா, என்னைப் பாத்தா. சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! வளையல் எல்லாம் குலுங்குது. சிரிச்சு சிரிச்சு அப்படியே அழுகையா மாறிட்டு. என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, பிடிச்ச கையை விடாம, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதா. நான் பெத்து வளர்த்த பிள்ளை, அவ அழுதா எப்படி இருப்பான்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அன்னைக்கு என்ன, இன்னைக்குத்தான். காலையில நடந்ததைப் போன வருசம் மாதிரி சொல்லுதேன் பாருங்க.

அதுக்குள்ள கதவைத் தட்டுதாக சம்பந்தியம்மா. "ஏனுங்க சம்பந்தி, சோத்துத் தட்டு எங்கீங்க? நல்ல நேரம் போகுதுங்களே!"

முடிஞ்சுது மானம்னு நினைச்சேன். சங்கரி கண்ணைத் துடைச்சா, காலித் தட்டை என் கையில இருந்து பிடுங்கினா, என் கையில இருந்த உருண்டையில ஒரு விரலைத் தொட்டுத் தன் உதட்டுல தடவிக்கிட்டா. கதவைத் திறந்து, "பசி தாங்க முடியல அத்தை, நானே பூராவும் தின்னுட்டேன்" அப்படின்னா. வெளிய ஒரே சிரிப்பு. பிள்ளைத்தாச்சிக்குப் பசி வந்தா நல்லதுதான், பையன்தான் பிறப்பான்னு ஆளாளுக்குச் சொல்லுதாக. ஆரத்தி எடுத்தாக. எங்க நாத்தனாருக்கு மட்டும் என் சேலையில இருந்த தயிரு மேலயே கண்ணு.

தப்பிச்சோம்னு இருந்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு மிஷினோட வந்துட்டாக தங்கச்சி! ஏழு வகைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் வேற, இவ்வளவு தின்ன பிள்ளைக்கு எங்க போய் நிக்குமோன்னு பதறிக்கிட்டு விரலைக் குத்தினாக. பாத்தாக. திரும்பக் குத்தினாக. ஒண்ணுமே ஏறல. பச்சைத் தண்ணி குடிச்ச மாதிரி நிக்குது. சம்பந்தியம்மா மிஷினைப் பாத்தாக, சங்கரியைப் பாத்தாக, பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பாத்தாக. என் நகத்துல இன்னும் மஞ்சளு.

ஒரு வார்த்தை கேக்கல. மிஷினை மூடி வச்சுட்டுப் போய் ஒரு செம்புல வெந்நீர் கொண்டாந்து, சீரகம் போட்டு, என் கையில குடுத்தாக. "குடிங்க சம்பந்தி, நெஞ்சு லேசாகும்"னு சொல்லிட்டு என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாக. எவ்வளவு அழுத்தம் பாருங்க அந்தப் பொம்பளைக்கு! கேட்டிருந்தா நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருப்பேன். கேக்காம இருந்து என்னைத் தோக்கடிச்சுட்டாக.

கிளம்பும்போது வாசல்ல வச்சு சங்கரி சொன்னா, "வலி வந்தா கூப்பிடுவேன், உடனே வந்துரும்மா. நீதான் என்கூட இருக்கணும். ஆனா சட்டி, தூக்கு, டின்னு ஒண்ணும் தூக்கிட்டு வராத. வந்து என் பக்கத்துல சும்மா உக்காரு."

சும்மா உக்காரணுமாம்! அது எப்படி உக்காருறது? வெறுங்கையை வீசிக்கிட்டு மக வீட்டுக்குப் போறதா? ஊரு என்ன சொல்லும்? ஊரு கிடக்கட்டும், நான் அங்க போய் என்ன செய்வேன்? அவ வலியில கத்துவா. நான் கையை எங்க வச்சுக்கிடுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி துண்டைப் போர்த்திக்கிட்டுத் தூங்குதாகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரக.  பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் நேரா போய் பஜ்ஜி வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தாக. அவுகளுக்கும் அது ஒண்ணுதான் தெரியும். பாவம், முகத்தைப் பாத்து மறுக்க முடியாம அதையும் தின்னேன்.

பேசிப் பேசி உங்களை அறுத்துட்டேன். நீங்களும் ஒரு அதிரசம்கூடத் தொடல. நான் சீரோட கொண்டு போனதைச் சம்பந்தியம்மா திருப்பிக் குடுத்ததுதான் இது. அப்படியே இருந்துச்சு, ஒண்ணுகூட எடுக்கல. இந்தப் பையை நீங்களே கொண்டு போயிருங்களேன், வீட்டுல பிள்ளைக இருக்கும்லா? இருக்கா? எடுத்துக்கிடுங்க. மூஞ்சியைப் பாத்துட்டு இருக்காம வாங்கி உங்க காலுக்கு அடியில வைங்க, என் கைக்கு எட்டாத மாதிரி. ஆங், அப்படித்தான்.

பஸ் நிக்குதே? ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோமா? சாப்பாட்டுக்கு நிப்பாட்டுறான் போல. அந்தா, எங்க வீட்டுக்காரக முழிச்சுட்டாக, கையை ஆட்டுதாக பாருங்க, இறங்கி வரச் சொல்லுதாக. நான் இறங்கல. எனக்குப் பசிக்கல தங்கச்சி. நிசமாவே பசிக்கல. இது பசி இல்ல, வேற. என் பிள்ளை பயந்து போய் இருக்கா, எனக்கு அது தெரியாமலே இருந்துட்டேன். நெஞ்சுக்குள்ள அப்படியே நிக்குது, கீழயும் இறங்க மாட்டேங்குது.

நீங்க போயிட்டு வாங்க. அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, உங்க வீட்டம்மா வரலையாம்னு. ரெண்டு பேரும் எனக்குன்னு ஒண்ணும் வாங்கிட்டு வந்துராதீங்க, டீ கூட வேண்டாம். வாங்கிட்டு வந்தா தின்னுருவேன். செத்த நேரம் அழுதுக்கிடுதேன்.